எவ்வளவு தூரம் நடப்பீங்க?

வியாபாரிக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வராது. அதற்காக அவனைப் பொய்யன் என்று சொல்லக் கூடாது. எதிரில் நிற்பவன் எப்படியும் குறைப்பான் என்று தெரிந்து, குறைப்பதற்கு இடம் விட்டுச் சொல்கிறான். அவ்வளவுதான்.

நான் செம்பாக்கத்தில் சிமெண்ட், கம்பி, மணல் கடை நடத்துகிறவன். வாங்க வருபவனும் லேசுப்பட்டவன் இல்லை. பத்து மூட்டை தேவைப்படுகிறவன், "ஐம்பது எடுக்கறேன், பார்த்துப் போடுங்க" என்பான். அவன் ஐம்பது எடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லும் விலை விலையே இல்லை என்று அவனுக்கும் தெரியும். இருவரும் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு நடுவில் ஓர் இடத்தில் சந்திப்போம். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று நம்பியிருந்தேன்.

விமானக் கம்பெனியில் அப்படி நடக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். (இப்படியும் ஒரு தொழில் பண்ண முடியுமா?)

எனக்கு மூச்சு வியாதி. "உங்க நுரையீரல்ல பாதி சிமெண்ட், பாதி சிகரெட்" என்று தாம்பரத்து டாக்டர் சொன்னார். சிகரெட்டை விட்டேன். சிமெண்ட்டை விட முடியாது, அதில்தான் சோறு. சமதரையில் கொஞ்ச தூரம் நடப்பேன். பிறகு உட்கார்ந்தாக வேண்டும். படி ஏறினால் மீன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். தினம் இரண்டு வேளை நெபுலைசர் மிஷினில் மருந்து ஊற்றி, முகத்தில் மூடி மாட்டிக்கொண்டு புகை இழுக்க வேண்டும்.

இந்த நிலைமையில் என் தங்கை விஜயாவின் மகளுக்குப் புனேயில் கல்யாணம். விஜயா அங்கேதான் பல வருடமாக இருக்கிறாள். மாப்பிள்ளை வீடு நம்ம பொத்தேரி. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, கூறைப் புடவையைக் கையில் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். நான் ஒரே அண்ணன். எங்கள் அப்பா போன பிறகு விஜயாவுக்கு எல்லாச் சீரும் செய்தவன். அவள் போனில் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, நீ வந்து பட்டம் கட்டு. இல்லன்னா நான் தாலி கட்ட விட மாட்டேன். ஐயர் என்ன சொன்னாலும் சரி."

அவளும் என்னைப் போலத்தான். சொன்னால் செய்வாள். நிச்சயதார்த்தத்துக்கும் நான் போகவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கல்யாணத்துக்கும் போகாவிட்டால் அந்தக் குடும்பத்தில் எனக்கு முகமே இல்லை.

ராத்திரி முழுக்க ரயில் வேண்டாம், விமானத்தில் போங்கள் என்று டாக்டர் சொன்னார். பறக்கலாம் என்று சான்றிதழும் கொடுத்தார். "முன்கூட்டியே போன் பண்ணி என்ன உதவி வேணும்னு சொல்லிடுங்க. சக்கர நாற்காலி குடுப்பாங்க. மிஷினைக் கையிலயே வச்சுக்குங்க, லக்கேஜில போட்டுடாதீங்க" என்றார். நல்ல மனிதர். வீடு கட்டும்போது என் கடையில்தான் கம்பி எடுத்தார்.

போன் பண்ணினேன். ஒரு பெண் எடுத்தாள். தேன் மாதிரி பேசினாள்.

"சார், நீங்க எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

நான் உஷாரானேன். 'கொஞ்ச தூரம் நடப்பேன்' என்றால், 'அப்ப நடந்தே வாங்க' என்று சொல்லிவிடுவாள். குறைப்பதற்கு இடம் விட வேண்டாமா?

"நடக்கவே முடியாதும்மா" என்றேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி வசந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"படி ஏறுவீங்களா சார்?"

"படியைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"பிளைட்டுக்குள்ள உங்க சீட் வரைக்கும் நீங்களே போவீங்களா?"

"எப்படிம்மா போவேன்? தூக்கிட்டுத்தான் போகணும்."

"ஆக்ஸிஜன் தேவைப்படுமா சார்?"

"கண்டிப்பா."

அங்கேதான் அவள் குரல் மாறியது. ஆக்ஸிஜன் என்றால் அதற்குத் தனி அனுமதி, டாக்டர் தனியாக விவரம் எழுதித் தர வேண்டும், அவர்களுடைய மருத்துவக் குழு பார்த்துச் சரி சொல்ல வேண்டும், நாள் ஆகும் என்றாள். சரி, பேரம் ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப ஆக்ஸிஜனை விட்டுடும்மா. மத்ததை முடிச்சுக் குடு."

யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். பிறகு, "சார், அது வேணும்னா வேணும். விட முடியாது சார். உண்மையிலயே தேவையா, இல்லையா?" என்றாள்.

"தேவையில்லை. சும்மா சொன்னேன்."

"சும்மாவா சார்?"

"நீ குறைப்பேன்னு பார்த்தேன்."

இன்னும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஆக்ஸிஜனை எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே பதிவு செய்தாள். சீட் வரைக்கும் தூக்கிப் போகும் வகை. நான் போனை வைத்துவிட்டு வெற்றியோடு வசந்தாவைப் பார்த்தேன்.

"ஏங்க, நேத்து மொட்டை மாடிக்குப் போய் தண்ணி டேங்கை மூடிட்டு வந்தது யாரு?" என்றாள்.

"ஏறிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்?"

"அதைத்தானே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்?"

"உனக்கு வியாபாரம் தெரியாது. கீரையை ஆய்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மீனம்பாக்கத்துக்குப் போனோம். அந்த விமானத்தை விட்டால், மறுநாள் முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர வேறு விமானத்தில் இடம் கிடையாது. வசந்தா தோளில் நெபுலைசர். என் மடியில் தி.நகர் ஜவுளிக்கடையின் சிவப்புத் துணிப்பை. அதில்தான் கூறைப் புடவையும், தங்கத்தில் செய்த நெற்றிப் பட்டமும் இருந்தன. பெட்டியில் வைத்தால் திருடனுக்குச் சந்தேகம் வரும், துணிப்பையில் வைத்தால் வராது என்பது என் யோசனை. (என் யோசனைகளை வரிசையாகப் பார்த்தால் இந்தக் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்று எனக்கே ஆச்சரியம்.)

சக்கர நாற்காலி தள்ள ஏழுமலை என்பவர் வந்தார். பெரும்பாக்கத்துக்காரர். வாய் ஓயாத ஆள்.

"வா சார், குந்து சார். காலை இதுல வச்சுக்க. பெல்ட்டு போட்டுட்டேன். கைய கால ஆட்டாத. நீ நடக்க மாட்டேன்னு போட்டுக்கீது, அதனால நானே எல்லாம் பாத்துக்கறேன்."

அதிலிருந்து நான் நடக்க முடியாதவனாகவே இருக்க வேண்டியதாயிற்று. மூக்கு அரித்தபோதுகூட, சொறிந்துகொள்ளலாமா என்று யோசித்தேன்.

கவுண்ட்டரில் டியூட்டி மேனேஜர் வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் முகத்தில் அசைவே இல்லை. வசந்தாவிடம், "மேடம், சார் தானா நகர முடியாதுன்னு இருக்கு. எமர்ஜென்சி வந்தா கூட வர்றவங்கதான் அவருக்கு உதவணும். உங்களால இவரைத் தூக்க முடியுமா?" என்று கேட்டாள்.

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் என் பாதி எடைகூட இருக்க மாட்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தூக்கிட்டுதாம்மா இருக்கேன்."

மேனேஜர் சிரிக்கவில்லை. ஏழுமலை சிரித்த சிரிப்பில் என் நாற்காலி ஆடியது.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. பைகளை எல்லாம் மிஷினுக்குள் அனுப்பினார்கள். என்னை நாற்காலியிலேயே வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக நிறுத்தினார்கள். வசந்தா பெண்கள் பக்கம் போய்விட்டு வந்தாள். நெபுலைசரைப் பார்த்த காவலருக்குச் சந்தேகம். "இது என்ன?" என்று இந்தியில் கேட்டார். வசந்தா அதற்குப் பதிலாக மூடியை எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு மூச்சு இழுத்துக் காட்டினாள். ஏழுமலை பக்கத்தில் நின்று, "தம் ஜாஸ்தி, தம் ஜாஸ்தி" என்று இந்தி என்று நினைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

நான் தனியாக, பெல்ட்டோடு, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள், தொப்பையோடு, என் சிவப்புத் துணிப்பையை எடுத்துக்கொண்டு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"சார்! யோவ்! பை!" என்றேன். திரும்பவில்லை. "வசந்தா!" என்றேன். அவள் முகத்தில் மூடி. "ஏழுமலை!" என்றேன். அவர் இந்தி பேசிக்கொண்டிருந்தார்.

விஜயாவின் முகம் கண் முன்னால் வந்தது. பட்டம் இல்லாமல் போய் நின்றால்? பெல்ட்டைக் கழற்றியது நினைவில்லை. எழுந்தது நினைவில்லை. ஓடியது நன்றாக நினைவிருக்கிறது.

எவ்வளவு தூரம் ஓடினேன் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. பத்துப் பதினைந்து அடி என்று நான் சொல்கிறேன். தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் தூரம் இருக்கும் என்று வசந்தா சொல்கிறாள். எப்படியோ அந்த ஆளை எட்டிப் பிடித்து, பையைப் பற்றி இழுத்தேன்.

"யோவ், விடுய்யா! இன்னாய்யா இது, என் பையைப் பிடிச்சு இழுக்கறே?"

"உன் பையா? திருட்டுப் பயலே, இது என் தங்கச்சி பொண்ணு கல்யாணப் புடவைடா!"

"புடவையா? நல்லாப் பாருய்யா, முறுக்குய்யா!"

இருவரும் இழுத்ததில் பையின் காது அறுந்தது. முறுக்குதான். தேன்குழல், கை முறுக்கு, கொஞ்சம் அதிரசம். விமான நிலையத்தின் பளபளப்பான தரையில் நாலா பக்கமும் உருண்டு ஓடின.

பின்னால் இருந்து ஏழுமலையின் குரல் கேட்டது. "சார்! உன் பை இங்கதான் கீது! நாற்காலி பின்னால நான்தான் மாட்னேன்!"

திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலியின் முதுகில், நான் இத்தனை நேரம் தலையைச் சாய்த்திருந்த இடத்தில், என் சிவப்புப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு கூட்டம். அடுத்த சக்கர நாற்காலியில் இருந்த அம்மா ஒருவர் கையைக் கூப்பி, "எந்தக் கோயிலுங்க போனீங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. நிஜமாகவே இல்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. முறுக்குகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நடிக்கறான்யா" என்றார் வெள்ளைச் சட்டை. அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தால் உதைத்திருப்பேன்.

மேனேஜர் பெண் வந்து என் அருகில் குனிந்தாள்.

"சார், உங்களுக்கு நடக்கவே முடியாதுன்னு எழுதியிருக்கு."

"முடி...யாதுதான்மா."

"இப்ப ஓடினீங்களே சார்."

"ஓடறது... வேற. நடக்கறது... வேற."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது. "டாக்டர் பார்க்கட்டும். அவர் சரின்னா பறக்கலாம். இல்லன்னா அனுப்ப முடியாது சார்" என்றாள்.

அங்கேயே இருந்த மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க டாக்டர் என் விரலில் கிளிப் மாட்டினார். வசந்தா நெபுலைசரில் மருந்து ஊற்றி என் முகத்தில் மாட்டினாள். கிளிப்பில் தெரிந்த எண்ணைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இது இப்படியே இருந்தா ஏத்த முடியாது" என்றார்.

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேரம் பேச முடியாத ஒரே எண் அது.

அந்த நேரம் பார்த்து விஜயா போன் செய்தாள். வசந்தாதான் எடுத்தாள். "ஏறிடுவோம் விஜி. நீ வேலையைப் பாரு. உங்க அண்ணன் இப்பதான் வாக்கிங் போயிட்டு வந்து உட்கார்ந்திருக்காரு" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. போனை வைத்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. மூடிக்குள் இருந்தபடி, சத்தம் போடாமல், மெதுவாக மூச்சு விட்டேன்.

எண் ஏற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் மூடியை எடுக்கச் சொன்னார்.

"இப்ப உண்மையைச் சொல்லுங்க. சாதாரணமா எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "எவ்வளவு வேணும் டாக்டர்?"

வாசலில் நின்ற ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் வசந்தா. பிறகு டாக்டரிடம் ஒரே மூச்சில் சொன்னாள். (அவளுக்கு மூச்சு இருக்கிறது.) "சமதரையில எங்க வாசல்லேர்ந்து முக்கு டீக்கடை வரைக்கும் நடப்பாரு டாக்டர். அங்க உட்கார்ந்து டீ குடிச்சாதான் திரும்பி வருவாரு. படி ஆகாது. பிளைட்டுக்குள்ள சீட்டுக்கு அவரே போவாரு, பாத்ரூமுக்கும் போவாரு. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை மிஷின். வீட்ல ஆக்ஸிஜன் வச்சதே இல்ல. கோபப்பட்டா மூச்சு வாங்கும். தினம் கோபப்படுவாரு."

மேனேஜர் பெண் கேட்டுக்கொண்டே போனில் யாரிடமோ பேசி வகையை மாற்றினாள். விமானத்தின் வாசல் வரை நாற்காலி, படிக்குப் பதில் லிஃப்ட் வண்டி, உள்ளே தானே நடப்பார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா போதும் சார். இதுக்கும் நாங்க எதையும் குறைச்சிருக்க மாட்டோம்" என்றாள்.

எனக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. ஒன்றும் குறையவில்லை. எனக்கு அது இன்றைக்கும் புரியாத வியாபாரம்.

டாக்டர் இன்னொரு தடவை கிளிப்பைப் பார்த்து, போகலாம் என்றார். ஏழுமலை நாற்காலியைப் பறக்கவிட்டார். எங்களுக்காகக் கதவை மூடாமல் வைத்திருந்தார்கள். வாசலில் இறங்கி, எல்லோரும் பார்க்க, நான் நடந்து போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். மூன்று வரிசை முன்னால் வெள்ளைச் சட்டை. மடியில், காது அறுந்த சிவப்புப் பை. திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் யாருக்கும் சொல்லாமல் மறைத்திருப்பேன்.

புனேயில் விஜயாவின் வீட்டுக்காரர் காரோடு வந்திருந்தார். "வாங்க மச்சான், வாங்க அக்கா. ஒரு நிமிஷம், மாப்பிள்ளையோட பெரியப்பாவும் இதே பிளைட்லதான் வர்றாரு. பொத்தேரியில ஸ்டூடண்ட்ஸ் மெஸ் வச்சிருக்காரே, அவரு. நீங்கதான் நிச்சயத்துக்கு வரல, பார்த்திருக்க மாட்டீங்க" என்றார்.

விமான நிலைய வாசலிலிருந்து வெள்ளைச் சட்டை வந்தார்.

இரண்டு குடும்பமும் சேர்ந்து போய் ஒரே கடையில் ஜவுளி எடுத்தால், இரண்டு வீட்டிலும் ஒரே பைதான் இருக்கும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். காரின் பின் சீட்டில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில். இருவர் மடியிலும் சிவப்புப் பை. கார் பாதி தூரம் வந்துவிட்டது. கடைசியில் அவர் தன் பைக்குள் கைவிட்டு, மிச்சமிருந்த முழு முறுக்கு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சாப்பிடுங்க. இவ்ளோ கஷ்டப்பட்டு ஓடி வந்தீங்க."

மறுநாள் காலையில் மண்டபத்தில் ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். மேடைக்கு நாலு படி. நான் கீழே நின்று படியைப் பார்த்தேன். விஜயா மேலே நின்று என்னைப் பார்த்தாள். யாரோ, "மாமாவுக்கு ஒரு கை குடுங்கப்பா" என்றார்கள். உடனே பெரியப்பா மேடை மேலிருந்து, அறுந்த காதை முடிச்சுப் போட்ட அந்தப் பையைத் தூக்கிக் காட்டினார்.

"கையெல்லாம் வேணாம்பா. இதை இப்படிக் காட்டினா போதும். தானா ஓடி வருவாரு!"

மண்டபமே சிரித்தது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று நான் ஏறி முடிக்கும் வரைக்கும் சிரிப்பு ஓயவில்லை. அதனால் நான் மூச்சு வாங்கிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பட்டம் கட்டினேன். விஜயா அழுதாள். அழுதுகொண்டே, "டீக்கடை வரைக்கும்தான் நடப்பியாமே?" என்றாள். அதற்குள் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வசந்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தீபாவளிக்குத் தீபாவளி பொத்தேரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு முறுக்கு வருகிறது. அதே பையில்தான். பையை மட்டும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் சொந்தத்தில் யாரிடம் எதைக் கேட்டாலும், "எவ்வளவு வேணும் டாக்டர்?" என்றுதான் பதில் வருகிறது. கடைக்கு வரும் ஆட்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான் ஒரு விலை சொன்னால், "அண்ணா, இது நடக்கற விலையா, ஓடற விலையா?" என்கிறார்கள்.

போன வாரம் விஜயா மறுபடியும் கூப்பிட்டாள். பெண்ணுக்கு வளைகாப்பு. விமானக் கம்பெனிக்கு நானே போன் பண்ணினேன். வேறு பெண். அதே கேள்விகள். ஒன்றைக்கூட ஏற்றிச் சொல்லவில்லை. சமதரையில் கொஞ்ச தூரம் நடப்பேன், படி ஏற மாட்டேன், சீட்டுக்கு நானே போவேன், ஆக்ஸிஜன் வேண்டாம், கையில் நெபுலைசர் இருக்கும் என்றேன். எழுதிக்கொண்டாள். குறைக்கவே இல்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

"அவ்வளவுதான்மா" என்றேன்.

சமையலறையிலிருந்து வசந்தாவின் குரல் வந்தது. போனில் கேட்கிற அளவுக்கு.

"கோபம் வந்தா ஓடுவாரு. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."